காளவாசலில் ஒரு ‘சைக்கோ டெஸ்ட்’ பயிற்சி மையம்: எதற்குப் பணம் கொடுக்கலாம்?

ரயில்வேயில் உதவி லோகோ பைலட் (ரயில் ஓட்டுநரின் உதவியாளர்) வேலைக்கு விண்ணப்பித்து, இரண்டு கட்டக் கணினித் தேர்வையும் தாண்டியவர்களுக்கு அடுத்ததாக வருவது ‘சைக்கோ டெஸ்ட்’ என்று எல்லோரும் சொல்லும் சிபிஏடி என்ற கணினிவழித் திறனறித் தேர்வு. அதற்குப் பயிற்சி தருவதாக விளம்பரம் செய்யும் மையம் ஒன்று மதுரை காளவாசல் பக்கம் ஒரு மாடியில் இயங்குகிறது. அங்கே படித்துத் தேர்வையும் எழுதி முடித்த நிலையில் இதை எழுதுகிறேன். குறைகளையும் சொல்லப்போவதால் பெயரைத் தவிர்க்கிறேன். சேர்க்கைக் கட்டணம் 6,500 ரூபாய். கணினிப் பயிற்சியும், ஒருவரின் குணநலனைக் கேள்விகளால் அளக்கும் ஆளுமை வினாத்தாளுக்கான பயிற்சியும் அதில் அடங்கும். பொய் கண்டறியும் சோதனைக்கான பயிற்சிக்குத் தனியாக 2,500 ரூபாய் வாங்குகிறார்கள்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். கணினிப் பயிற்சிக்காக மட்டுமே இந்த மையத்தில் சேரலாம். சிபிஏடியை வடிவமைப்பது லக்னோவில் உள்ள ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. நினைவாற்றல், அறிவுறுத்தலைப் பின்பற்றுதல், ஆழத்தை உணர்தல், கவனக் குவிப்பு, பார்த்தவுடன் அடையாளம் காணும் வேகம் என அதில் ஐந்து சோதனைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் தனித்தனியாக டி-ஸ்கோர் 42 எடுத்தாக வேண்டும். நான்கில் பிரமாதமாகச் செய்து ஒன்றில் கோட்டைவிட்டாலும் கதை முடிந்தது. எந்தப் பிரிவினருக்கும் இதில் சலுகை கிடையாது. தவறான விடைக்கு மதிப்பெண் குறைக்கப்படுவதில்லை என்பதும், இறுதித் தரவரிசையில் இந்தத் தேர்வுக்கு 30 விழுக்காடு பங்கு உண்டு என்பதும் பலருக்குச் சேர்ந்த பிறகுதான் தெரியவந்தது. டி-ஸ்கோர் என்பது நூற்றுக்கு இத்தனை என்று போடும் மதிப்பெண் அல்ல, சராசரியை 50 என்று வைத்து அதிலிருந்து நாம் எவ்வளவு மேலே அல்லது கீழே இருக்கிறோம் என்று காட்டும் கணக்கு என்பதை முதல் வகுப்பிலேயே விளக்கிவிட்டார்கள். 42 என்றால் சராசரிக்குச் சற்றுக் கீழே. அதைக் கேட்டதும் வகுப்பில் பாதிப் பேருக்குப் பயம் தெளிந்துவிட்டது.

தமிழ் வழியில் படித்தவர்களுக்கு உண்மையான இடைஞ்சல் வேறு இடத்தில் இருக்கிறது. முந்தைய கட்டத் தேர்வுகளைத் தமிழில் எழுதலாம். சிபிஏடி ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே உண்டு. உசிலம்பட்டியிலிருந்தும் பேரையூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் கணக்கிலும் அறிவியலிலும் சூரர்களாக இருந்தும், திரையில் வரும் நான்கு வரி ஆங்கில அறிவுறுத்தலைப் படிப்பதற்குள் நேரம் ஓடிவிடுமே என்று தவித்தார்கள். மையம் இதற்கு எளிய வழி ஒன்று செய்திருந்தது. இத்தகைய சோதனைகளில் திரும்பத் திரும்ப வரும் அறிவுறுத்தல் வாக்கியங்களை ஒரு தாளில் அச்சிட்டு, ஒவ்வொன்றின் கீழும் தமிழில் பொருள் எழுதிக் கொடுத்தார்கள். இந்த ஒரு தாளுக்காகவே பாதிக் கட்டணத்தைக் கொடுக்கலாம்.

ஆழத்தை உணரும் சோதனையை நடத்தியவர் ரயில்வேயில் ரயிலோடு செல்லும் பணியாளர்களின் ‘ரன்னிங்’ பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்ற ஒருவர். ஒரே அளவுள்ள செங்கற்களைத் தாறுமாறாக அடுக்கியதுபோல ஒரு படம் வரும். அதில் எழுத்து போட்ட கல்லை வேறு எத்தனை கற்கள் தொட்டுக்கொண்டிருக்கின்றன என்று சொல்ல வேண்டும். முன்னால் தெரியும் கற்களை எண்ணிவிட்டுப் பின்னால் மறைந்திருப்பதை விட்டுவிடுவதுதான் வழக்கமாக நடப்பது. அவர் மேசையின் மீது நிஜமான மரக்கட்டைகளை அடுக்கிவைத்து, “தம்பி, கட்டைய எண்ணாத. அந்தக் கல்லுக்கு ஆறு பக்கம் இருக்குல்ல, ஒவ்வொரு பக்கமா எது ஒட்டியிருக்குன்னு பாரு” என்றார். “ஒரு பக்கத்துல ரெண்டு ஒட்டியிருந்தா சார்?” என்று ஒருவர் கேட்டதற்கு, மேல் கட்டையை எடுத்து இரண்டு கட்டைகளுக்கு நடுவே பாதிப் பாதியாக அமரும்படி வைத்துக் காட்டினார். அதற்குப் பிறகு யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பார்வைச் சான்றிதழை உரிய படிவத்தில் கண் மருத்துவரிடம் முன்கூட்டியே வாங்கித் தேர்வுக்குக் கொண்டுபோக வேண்டும், அது இல்லாவிட்டால் உள்ளே விடமாட்டார்கள் என்று அடிக்கடி நினைவூட்டியவரும் அவரே.

கீழ்த்தளத்தில் பரோட்டாக் கடை இருப்பதால், மாலை வகுப்பில் கொத்து போடும் சத்தம் ஓயாது. கவனக் குவிப்புச் சோதனைக்கு இதுவும் ஒரு பயிற்சிதான் என்று நிர்வாகி சமாளித்தார். காலை வகுப்பில் இடம் கிடைத்தால் அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆளுமை வினாத்தாள் பயிற்சியைப் பற்றி நல்லவிதமாகச் சொல்ல என்னிடம் எதுவும் இல்லை. முதலாவதாக, சிபிஏடியில் ஆளுமை வினாத்தாள் என்ற பகுதியே கிடையாது; அதை நிர்வாகம் சேர்க்கையின்போது சொல்வதில்லை. இரண்டாவதாக, தனியார் வேலைகளுக்கும் ராணுவ அதிகாரித் தேர்வுக்கும் போகிறவர்களுக்கு அங்கே கற்றுக்கொடுப்பது, எந்தக் கேள்விக்கும் ‘மிக நல்ல மனிதன்’ என்ன பதில் சொல்வானோ அதையே குறிக்க வேண்டும் என்பதுதான். இத்தகைய வினாத்தாள்களை உருவாக்கியவர்கள் இதை எதிர்பார்க்காதவர்கள் அல்லர். 1943-இல் வெளியான மின்னசோட்டா ஆளுமை வினாத்தாளிலேயே, தன்னை அளவுக்கு மீறி நல்லவராகக் காட்டிக்கொள்பவரைக் கண்டுபிடிக்க 15 வாக்கியங்கள் கொண்ட தனி அளவுகோல் இருந்தது. எனக்குக் கோபமே வராது, நான் யாரைப் பற்றியும் புறம் பேசியதில்லை என்று வரிசையாகக் குறித்துக்கொண்டு போகிறவர், தன் விடைத்தாள் முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிக்கொள்கிறார்.

ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் வாரியமான எஸ்.எஸ்.பி.க்குத் தயாராகும் மாணவர்களுக்கு இன்னும் மோசம். படத்தைப் பார்த்துக் கதை எழுதும் சோதனையில் ஒவ்வொரு படத்தையும் 30 விநாடி காட்டி, எழுத 4 நிமிடம் கொடுப்பார்கள். 11 படங்களுக்குப் பிறகு 12-ஆவதாக ஒரு வெற்றுத் தாள் வரும். இதற்கு இந்த மையம் ஆயத்தக் கதைகள் அடங்கிய ஒரு கையேட்டை விற்கிறது. ஏறக்குறைய எல்லாக் கதையிலும் ஓர் இளைஞன் விபத்தில் சிக்கியவரை மருத்துவமனையில் சேர்க்கிறான், அல்லது வெள்ளத்தில் ஊரைக் காப்பாற்றுகிறான். பெங்களூரில் உட்கார்ந்திருக்கும் உளவியலாளர் இந்த இளைஞனை எத்தனை முறை சந்தித்திருப்பார்! ஒரு வார்த்தைக்கு 15 விநாடி என்று 60 வார்த்தைகளுக்கு வாக்கியம் எழுதும் சோதனைக்கும் இதே மனப்பாடம்தான். அந்த வேகத்தில் மனப்பாடம் கைகொடுக்காது. கடிகாரத்தை வைத்துக்கொண்டு வீட்டிலேயே எழுதிப் பழகினால் போதும்.

இனி அந்த 2,500 ரூபாய் வகுப்பு. ரயில்வே வேலைக்கும் எஸ்.எஸ்.பி.க்கும் பாலிகிராஃப் என்ற பொய் கண்டறியும் சோதனை கிடையாது. ஒருவரின் சம்மதமின்றி இந்தச் சோதனையை நடத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் செல்வி வழக்கில் தீர்ப்பளித்திருக்கிறது. அது குற்ற விசாரணை தொடர்பான வழக்கு. அமெரிக்காவில் உளவு, எல்லைக் காவல் போன்ற வேலைகளுக்கு ஆள் எடுக்கும்போது பாலிகிராஃப் வழக்கமாக நடக்கிறது. அங்கேயும் பெரும்பாலான தனியார் முதலாளிகள் இதை வைக்கக் கூடாது என்று 1988-இலேயே சட்டம் வந்துவிட்டது. இவ்வளவும் இருக்க, ‘வெளிநாட்டு வேலைக்குக் கட்டாயம்’ என்று சுவரில் ஒட்டி வளைகுடாவுக்குப் போகக் காத்திருக்கும் பிள்ளைகளிடம் காசு வாங்குவது நியாயமாகப் படவில்லை.

வகுப்பில் வைத்திருந்த கருவியும் பாலிகிராஃப் அல்ல. உண்மையான கருவியில் மூச்சை அளக்க மார்பிலும் வயிற்றிலும் சுற்றும் குழாய்களும், கையில் ரத்த அழுத்தப் பட்டையும், தோலின் ஈரத்தால் மாறும் மின்கடத்தலைப் பதிய விரல்களில் மின்முனைகளும் இருக்கும். இங்கே இருந்தது கொரோனா காலத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்க வீடுதோறும் வாங்கி வைத்த விரல் கிளிப்பும் ஒரு மடிக்கணினியும். நாக்கைக் கடித்துக்கொள், மனதுக்குள் தலைகீழாக எண்ணு என்று கருவியை ஏமாற்றும் வித்தைகளைச் சொல்லிக்கொடுத்தார்கள். ஏமாற்ற முயல்வது தெரியவந்தாலே விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம் என்பதை மட்டும் சொல்லவில்லை. சோதனைக்கு முன் நடக்கும் உரையாடலிலேயே கேட்கப்போகும் கேள்விகளைப் படித்துக் காட்டிவிடுவார்கள் என்பதையோ, வழக்கமாகச் சாப்பிடும் மாத்திரைகளை நிறுத்தாமல் சோதிப்பவரிடம் தெரிவித்துவிட வேண்டும் என்பதையோ சொல்லியிருந்தால் ஓரளவாவது பயன்பட்டிருக்கும். ஊழியர்களை வடிகட்டித் தேர்ந்தெடுப்பதற்கு இந்தக் கருவியின் துல்லியம் போதாது என்று அமெரிக்காவின் தேசிய ஆராய்ச்சிக் குழு 2003-இல் அறிக்கை அளித்திருக்கும்போது, அதற்கான பயிற்சியின் துல்லியத்தைப் பற்றி என்ன சொல்வது?

சேர நினைப்பவர்கள் ஆளுமைப் பயிற்சி வேண்டாம் என்று சொல்லிக் கட்டணத்தைக் குறைத்துக் கேளுங்கள். எங்களோடு படித்த இருவருக்கு 4,500 ரூபாய்க்கு ஒப்புக்கொண்டார்கள். மாதிரி வினாக்களை ஆர்.டி.எஸ்.ஓ. தன் இணையதளத்தில் இலவசமாகவே கொடுத்திருப்பதால், முதலில் அவற்றைப் பார்த்துவிட்டு, ஆங்கிலமோ நேரமோ தடையாக இருந்தால் மட்டும் போங்கள். பணம் கட்டியதும் எந்தெந்த வகுப்புக்கு எவ்வளவு என்று ரசீதில் தனித்தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். ‘மொத்தம்’ என்று எழுதிக் கொடுத்தால் பிறகு திருப்பிக் கேட்க வழியில்லை.