முகப்படத்துக்குப் பணம் கட்டும் முன்: டர்பன் சிறு வணிகர்களுக்கு ஓர் எச்சரிக்கை

சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ், வெருலம் பக்கம் சொந்தமாகத் தொழில் நடத்தும் நம்மவர்கள் பலர் இப்போது கடைப் பலகைக்கும் இணையப் பக்கத்துக்கும் நல்ல முகப்படம் வேண்டும் என்று ஸ்டூடியோக்களைத் தேடுகிறார்கள். போகும் முன் இதைப் படித்துவிடுங்கள். குறைந்த விலையைக் காட்டி அழைத்து, எடுத்த படத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மேற்கொண்டு பணம் கறக்கும் வேலை நடக்கிறது. எனக்கே நடந்தது. "படத்தின் உரிமை எங்களுடையது" என்று சொல்லி வாயடைப்பார்கள். வேறு ஒப்பந்தம் எதுவும் இல்லாதபோது, தென்னாப்பிரிக்கச் சட்டப்படி அது உண்மையல்ல. இந்த ஒன்றைத் தெரிந்துகொள்ளவாவது கடைசி வரை படியுங்கள்.

நான் மசாலாப் பொடியும் ஊறுகாயும் செய்து விற்கிறேன். சாட்ஸ்வொர்த்தின் பங்களாதேஷ் மார்க்கெட்டில் மேசை போட்டுத் தொடங்கிய தொழில், இன்று சில கடைகளின் அலமாரி வரை போயிருக்கிறது. புதிய பொட்டலத்தில் என் முகம் இருக்கட்டும் என்று மகள் சொன்னாள். எனக்கும் அது சரியாகப் பட்டது. வாங்குகிறவருக்கு அரைத்த கையும் முகமும் தெரிவது நல்லதுதானே.

அம்ஷ்லாங்கா பக்கம் ஒரு ஸ்டூடியோ. பெயரை இங்கே எழுதவில்லை. 1,200 ராண்டுக்குப் பத்துப் படங்கள், முழுப் பணமும் முன்னதாக. பணம் கட்டும் முன்பே வாட்ஸ்அப்பில் தெளிவாக எழுதினேன்: பொட்டலத்தில் அச்சிட வேண்டும், கடைப் பலகைக்கும் வேண்டும், இரண்டுக்கும் பொருந்தும் கோப்பு தருவீர்களா? "எல்லாம் கிடைக்கும் ஆன்ட்டி, கவலைப்படாதீர்கள்" என்று பதில் வந்தது. அந்த ஒரு வரிதான் பின்னால் எனக்குக் கைகொடுத்தது.

விளம்பரத்தில் பேசியவர் படம் எடுக்க வரவில்லை. வேறு ஓர் இளைஞன் வந்தான். பளிச்சென்ற வெள்ளைத் திரைக்கு முன்னால் என்னை நிறுத்தி, கேமராவின் தலையில் இருந்த ஃபிளாஷை நேராக முகத்தில் அடித்து, கைக்கெட்டும் தூரத்தில் நின்று எடுத்தான். அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அன்றே எனக்கு உறுத்தியது. பிறகு தொழில் தெரிந்த ஒருவர் காரணங்களை விளக்கினார். எல்லோருக்கும் உதவும் என்பதால் சொல்கிறேன். கேமரா தானாக வெளிச்சத்தை அளக்கும்போது, முன்னால் இருப்பதெல்லாம் சேர்ந்து நடுத்தரச் சாம்பல் நிறம் என்றே எடுத்துக்கொள்ளும். திரை வெள்ளையாக இருந்தால் வெளிச்சம் மிகுதி என்று கணக்கிட்டுக் குறைத்துவிடும். அப்போது நம்மைப் போன்ற மாநிற, கருநிற முகங்கள் இருண்டு போகும். தொழில் தெரிந்தவர் முகத்தருகே வெளிச்சத்தை அளப்பார், திரைக்குத் தனி விளக்கு வைப்பார். அதேபோல, அகலக் கோண லென்ஸை மிக அருகில் கொண்டுவந்தால் மூக்கு பெருக்கும், காதுகள் பின்வாங்கும். 85 மில்லிமீட்டர் போன்ற லென்ஸோடு சற்றுத் தள்ளி நின்று எடுப்பதுதான் முகப்படத்துக்கு வழக்கம்.

இருட்டாக எடுத்ததை என்ன செய்வார்கள்? கணினியில் ஏற்றி வெளுப்பாக்குவார்கள். எனக்கு வந்த படங்களில் இருந்த பெண்ணுக்கு என் புடவை, என் தலைமுடி. நிறம் மட்டும் என்னுடையதல்ல. திரையில் பெரிதாக்கிப் பார்த்தேன். நெற்றியில் பொட்டு இருந்த இடத்தில் வழவழவென்று தோல். முகத்தில் உள்ள புள்ளிகளைத் துடைக்கும் மென்பொருள், பொட்டையும் பருவென்று எண்ணித் துடைத்துவிட்டிருந்தது. மூக்குத்தியின் கல்லைக் காணோம். அதன் மினுக்கம் மட்டும் மூக்கின் மேல் ஒரு வெள்ளைக் கீறலாக ஒட்டிக்கொண்டிருந்தது. ஒரு படத்தில் இடது புருவத்தின் வால் பாதியோடு நின்றுவிட்டது. அனுப்பும் முன் ஒரு மனிதக் கண் அதைப் பார்த்திருந்தால் இது நடந்திருக்காது. மார்க்கெட்டில் பல ஆண்டுகளாக என்னிடம் வாங்கும் ஒரு தாத்தா கைபேசியில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, "உன் தங்கையா, அம்மா?" என்று கேட்டார். நிறத்தை வைத்து நம் பெண்களைத் தலைமுறை தலைமுறையாகக் குறைத்துப் பேசியது போதாதா? காசு கொடுத்து எடுக்கும் படத்திலும் யாரும் கேட்காமல் வெளுப்பேற்ற வேண்டுமா? இது எனக்குப் பணத்தைவிடப் பெரிய வருத்தம்.

அடுத்தது கோப்பின் அளவு. லேபிள் அச்சிடுபவர் படத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். அகலம் 900 பிக்சல்தான் இருந்தது. நல்ல அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 பிக்சல் வேண்டும் என்பது அச்சகங்களின் பொதுக் கணக்கு. அப்படியானால் 900 பிக்சல் மூன்று அங்குலத்தோடு முடிந்துவிடும். ஏ4 தாள் அளவுக்கே 2480க்கு 3508 பிக்சல் தேவை. ஸ்டூடியோவைக் கேட்டேன். "நீங்கள் கட்டியது இணையத்துக்கான விலை, அச்சுக் கோப்பு வேண்டுமானால் படத்துக்கு 650 ராண்ட்" என்று பதில் வந்தது. முன்பு எழுதிய வரியை எடுத்துக் காட்டினேன். அப்போதுதான் முதன்முறையாக ஒரு நிபந்தனைத் தாளை அனுப்பினார்கள். பதிப்புரிமை முழுவதும் ஸ்டூடியோவுக்கே, வணிகப் பயன்பாட்டுக்குத் தனிக் கட்டணம், என் படத்தை அவர்கள் விளம்பரத்தில் போடலாம் என்று அதில் இருந்தது. பணம் வாங்கி, படமும் எடுத்து முடித்த பிறகு வந்த தாள் அது. அதில் என் கையெழுத்து இல்லை.

சட்டத்துக்கு வருகிறேன். 1978ஆம் ஆண்டின் 98ஆம் எண் பதிப்புரிமைச் சட்டம், 21ஆம் பிரிவு. பணம் கொடுத்தோ கொடுப்பதாக ஒப்புக்கொண்டோ ஒருவர் படம் எடுக்கச் சொன்னால், அந்தப் படத்தின் பதிப்புரிமை எடுக்கச் சொன்னவருக்கே என்று அது சொல்கிறது. பல நாடுகளில் நிலைமை நேர்மாறு. அங்கெல்லாம் உரிமை எடுத்தவருக்குப் போகும். அதனால்தான் வெளிநாட்டு நிபந்தனைகளை அப்படியே நகலெடுத்து இங்கே நீட்டுகிறார்கள். ஆனால் கவனம்: இரு தரப்பும் வேறு மாதிரி ஒப்பந்தம் செய்துகொண்டால் அந்த ஒப்பந்தமே நிற்கும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. ஆகவே முன்னதாக நீட்டப்படும் தாளில் "பதிப்புரிமை" என்ற சொல் எங்கே இருக்கிறது என்று முதலில் தேடுங்கள். உரிமை உங்களைவிட்டுப் போகிறது என்றால் அந்த வரியை அடிக்கச் சொல்லுங்கள். மறுத்தால் வெளியே வந்துவிடுங்கள்.

2008ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் துணை நிற்கிறது. அதன் 54ஆம் பிரிவின்படி, வேலையில் குறை இருந்தால் சரிசெய்து தரச் சொல்லலாம், அல்லது கொடுத்த பணத்தில் நியாயமான பங்கைத் திரும்பக் கேட்கலாம். கம்பெனியாகப் பதிவு செய்தவர்களுக்கும், ஆண்டு விற்பனை, சொத்து மதிப்பு இரண்டும் 20 லட்சம் ராண்டுக்குக் கீழே இருந்தால் இது பொருந்தும். வாட்ஸ்அப் செய்தி செல்லாது என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். மின்னணுச் செய்தியையும் சான்றாக ஏற்க 2002ஆம் ஆண்டிலேயே சட்டம் வந்துவிட்டது.

இதற்கிடையில் என் படத்தை அவர்கள் பக்கத்தில் "முன், பின்" என்று இரண்டாகப் போட்டிருந்ததை மகள் கண்டுபிடித்தாள். முன்னால் என் நிறம், பின்னால் அவர்கள் பூசிய நிறம். என் நிறம் திருத்தப்பட வேண்டிய குறையாம்! அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தின்படி என் முகம் என் தகவல், என் சம்மதமின்றிப் போட்டதை உடனே நீக்குங்கள் என்று எழுதினேன். மறுநாளே நீக்கினார்கள்.

அதோடு ஒரு கோரிக்கைக் கடிதமும் கொடுத்தேன். 14 நாட்களுக்குள் முழு அளவுக் கோப்புகளைத் தராவிட்டால் சிறு கோரிக்கை நீதிமன்றத்துக்குப் போவேன் என்று எழுதி, நேரில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்தும் வாங்கிக்கொண்டேன். 20,000 ராண்ட் வரையிலான வழக்கை அங்கே வழக்கறிஞர் இல்லாமலே நடத்தலாம். நடத்தியும் ஆக வேண்டும், இரு தரப்புக்கும் வழக்கறிஞர் கிடையாது. ஒன்றைக் கவனியுங்கள்: அங்கே கம்பெனியின் பெயரில் வழக்குப் போட முடியாது, தனி மனிதர்தான் போடலாம். கம்பெனி மேல் போடலாம். நான் சொந்தப் பெயரில் தொழில் செய்வதால் எனக்குத் தடை இல்லை.

அந்த 14 நாள் கெடு முடியும் முன்பே ஸ்டூடியோவிலிருந்து அழைப்பு வந்தது. மூலக் கோப்புகளைத் தந்தார்கள், 800 ராண்டையும் திருப்பினார்கள். மூலப் படங்களும் இருட்டும் நெற்றிப் பளபளப்புமாக இருந்தன. லேபிளுக்கு ஒன்றுகூட ஆகவில்லை.

பிறகு, காவடித் திருவிழாக்களில் படம் எடுக்கும் ஒரு பெண்ணிடம் போனேன். என் கன்னத்தருகே வெளிச்சமானியைப் பிடித்துப் பார்த்த பிறகுதான் அவள் கேமராவைத் தொட்டாள். கேமராத் திரையில் முதல் படத்தைக் காட்டி, "நிறம் சரியாக இருக்கிறதா அக்கா?" என்று கேட்டாள். விலை இரண்டு மடங்குக்கு மேல். லேபிள் அச்சாகிவிட்டது.

ஸ்டூடியோக்காரரிடம் முன்கூட்டியே கேட்டு எழுத்தில் வாங்க வேண்டியவை: யார் எடுப்பார், எத்தனை படம், எத்தனை பிக்சல், நிறத்தைத் தொடமாட்டோம் என்ற உறுதி. அவர் காட்டும் மாதிரிப் படங்களை இணையத்தில் படம் வைத்துத் தேடிப் பாருங்கள். எனக்குக் காட்டியவற்றில் ஒன்று அமெரிக்கப் பல் மருத்துவமனை ஒன்றின் பக்கத்தில் இருந்தது. கோப்புகளை வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக வாங்காதீர்கள், அது அளவைச் சுருக்கிவிடும். ஆவணமாகவோ மின்னஞ்சலிலோ அனுப்பச் சொல்லுங்கள்.

நான் எழுதிய கோரிக்கைக் கடிதம் ஒரே பக்கம். நகல் எடுத்து வைத்திருக்கிறேன். வேண்டுவோர் மார்க்கெட்டில் என் மேசைக்கு வந்து கேட்டால் தருகிறேன். பெயரையும் தொகையையும் மாற்றிக்கொண்டால் போதும்.