செட்டிநாட்டுக் கிராமங்களுக்கு எந்த வானிலைச் செயலி உதவும்? தாமினி, டிஎன் அலர்ட், மௌசம்

காரைக்குடியைத் தாண்டிவிட்டால் பூட்டிய பெரிய வீடுகள், தனியாக இருக்கும் முதியவர்கள், பொட்டலில் ஆடு மேய்ப்பவர்கள். ஆபத்து வந்தால் ஓடி வர ஆள் குறைவு என்பதால் முன்கூட்டியே தெரிந்தாக வேண்டும். அதற்கு அரசு தரும் இலவசச் செயலிகளில் இந்த மூன்றும் முக்கியம். ஆனால் ஒன்று செய்வதை இன்னொன்று செய்யாது.

முதலில் போட வேண்டியது தாமினி. புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனம் உருவாக்கியது. நாம் நிற்கும் இடத்தைச் சுற்றி 20, 40 கி.மீ. வட்டங்களில் விழுந்த மின்னலை, கடைசி 5, 10, 15 நிமிடம் என நிறம் பிரித்துக் காட்டும். இருப்பிட அனுமதியை 'எப்போதும்' என்று வையுங்கள். பேட்டரி சேமிப்பிலிருந்தும் விலக்குங்கள். இல்லாவிட்டால் போன் பையில் இருக்கும்போது எச்சரிக்கை வராமல் போகலாம். சிக்னல் இல்லாத காட்டில் வரைபடம் வெறுமையாகத் தெரிந்தால் மின்னல் இல்லை என்று நம்பிவிடக் கூடாது. அங்கே காதுதான் கருவி: மின்னலுக்கும் இடிக்கும் இடையே மூன்று விநாடி என்றால் ஒரு கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் இடி கேட்டால் உடனே கட்டடத்துக்குள் போக வேண்டும். பனை, புளிய மரத்தடி வேண்டாம். கடைசி இடி கேட்டு முப்பது நிமிடம் கழித்தே வெளியே வரலாம்.

தமிழ்நாடு அரசின் டிஎன் அலர்ட் தமிழில் இருப்பதே பெரிய பலம். முன்னறிவிப்பு, பெய்த மழை அளவு எல்லாம் கிடைக்கும். குறை என்னவென்றால், எச்சரிக்கை பெரும்பாலும் மாவட்ட அளவில் வருகிறது. தண்ணீர் மாவட்ட எல்லை பார்ப்பதில்லை. இங்கே நிலம் பொதுவாக வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சரிகிறது. அதனால் கானாடுகாத்தான்காரர்கள் சிவகங்கை எச்சரிக்கையோடு புதுக்கோட்டையையும் பார்க்க வேண்டும். அந்த மாவட்டத்துத் திருமயம் பக்கத்து மழையும் முக்கியம்.

24 மணி நேரத்தில் 64.5 மி.மீ. எட்டினால் கனமழை, 115.6 எட்டினால் மிக கனமழை, 204.4 தாண்டினால் அதி கனமழை. ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மி.மீ. பெய்தால் அது ஒரு லட்சம் கன மீட்டர் தண்ணீர். ஐப்பசியின் முதல் மழையில் பெரும்பகுதியைக் காய்ந்த செம்மண் குடித்துவிடும். கண்மாய் நிரம்பிய பிறகு கார்த்திகையில் வரும் அதே அளவு மழைதான் கரையை உடைக்கும். ஆகவே எச்சரிக்கையின் நிறத்தை மட்டும் பார்க்காமல் கண்மாயைப் போய்ப் பாருங்கள்: கலுங்கில் (மிகுதி நீர் வெளியேறும் வழியில்) மணல் மூட்டையோ கருவேலமோ அடைத்திருக்கிறதா, கரையில் எலி, நண்டு வளை இருக்கிறதா, வெளிச்சரிவில் கசிவு கலங்கலாக வருகிறதா. கலங்கல் என்றால் உள்ளே மண் அரிக்கிறது. மேல் கண்மாய் உடைந்தால் அந்தத் தண்ணீர் மொத்தமும் கீழ்க் கண்மாய்க்கு வரும் என்பதால் இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

இந்திய வானிலைத் துறையின் மௌசம், ரேடார் படம் படிக்கத் தெரிந்தவர்களுக்கே முழுப் பயன். காரைக்கால் ரேடார் காரைக்குடியிலிருந்து சுமார் 150 கி.மீ. தொலைவில் இருக்கிறது. பூமியின் வளைவால் அதன் கதிர் இங்கே வருவதற்குள் இரண்டு கி.மீ. உயரத்துக்குப் போய்விடும், தாழ்ந்த மேகத்து மழை படத்தில் குறைவாகத் தெரியும். புயல் நேரத்தில் மட்டும் இது மிக நன்று. கடல் தூரம்தானே என்று இருக்க வேண்டாம்: 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் அருகே கரை கடந்த கஜா, புதுக்கோட்டை வழியாக உள்ளே வந்தது.

பூட்டிய வீடுகளை மூன்று செயலிகளும் கணக்கில் எடுப்பதில்லை. முற்றத்து நீர்ப்போக்கி சருகால் அடைத்தால் மழைநீர் வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய உள்வீட்டுக்குள்) ஏறும். நகர்ந்த கூரை ஓடுகளை மாற்றாமல் விட்டால் தேக்கு உத்தரம் ஊறும். புரட்டாசிக்குள் ஓடு மாற்றி, நீர்ப்போக்கியைச் சுத்தம் செய்து, சாவி யாரிடம் இருக்கிறது என்பதை ஊராட்சியில் எழுதிக் கொடுங்கள். ஸ்மார்ட்போன் இல்லாத வீடுகளுக்குக் கோயில் ஒலிபெருக்கியில் யார் சொல்வது என்பதும் அப்போதே முடிவாகட்டும். மாவட்டக் கட்டுப்பாட்டு அறை எண் 1077, மாநிலத்துக்கு 1070.