சந்தையில் வாங்கிய மாட்டை எப்போது வண்டியேற்றுவது?

கோடையில் ஈரோடு கருங்கல்பாளையம் சந்தைக்கு மாடு பிடிக்கப் போகிறவர்கள் முன் மூன்று வழிகள் இருக்கின்றன: பேரம் முடிந்த கையோடு ஏற்றிவிடுவது, வெயில் தாழ ஏற்றுவது, இரவு தங்கி விடியற்காலையில் கிளம்புவது.

முதல் வழியே வேண்டாம். வெயில் 40 டிகிரியைத் தொடும் நாளில் கொதிக்கும் இரும்புத் தளத்தில் வாயில்லா ஜீவனை நிறுத்துவது பாவம்.

போட்டி மாலைக்கும் விடியலுக்கும்தான். பெரும்பாலோர் மாலையையே விரும்புகிறார்கள். நமக்குக் காற்று குளிர்ந்துவிடுகிறது, மாட்டுக்கு அப்படியில்லை. பகலெல்லாம் வாங்கிய வெயிலும், தின்ற தீவனம் வயிற்றில் நொதிக்கும்போது எழும் சூடும் சேர்ந்துகொள்வதால், உச்சி வெயில் தாண்டிச் சில மணி நேரம் கழித்தே அதன் உடல் வெப்பம் உச்சத்துக்குப் போகிறது. நாம் ஏற்றத் தொடங்கும் நேரத்தில் அது ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும். அந்தச் சூடு இறங்க ஓர் இரவு வேண்டும். ஜெர்சி கலப்பினத்துக்கும் எருமைக்கும் இது கட்டாயம். காங்கேயம் மாடு ஓரளவு தாங்கும்.

இரவு தங்குவதில் இன்னொரு நன்மை, மடி. பெரிதாகத் தெரிய வேண்டும் என்பதற்காகக் கறக்காமலே சந்தைக்கு ஓட்டி வரும் கறவைகள் ஏராளம். பால் கட்டி விண்ணென்று நிற்கும் மடியோடு குலுங்கிப் போகும் மாடு படும் வேதனையைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். தங்கினால் கறந்துவிட்டு, வயிறாரத் தண்ணீர் காட்டி ஏற்றலாம். நிழல், காவல், வண்டிக்காரருக்குக் காத்திருப்புக் கூலி எனச் செலவு கூடும்தான். மாட்டின் விலையோடு பார்த்தால் அது பெரிதல்ல. ஆனால் காலை ஒன்பது மணிக்குள் ஊர் சேர முடியாத தூரம் என்றால் விடியலுக்குக் காத்திராமல் நள்ளிரவிலேயே புறப்படுவது நல்லது.

வண்டியில் குட்டியானை எனப்படும் சிறிய சரக்கு வண்டியா, லாரியா? மாடு ஒன்றுக்கு 2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்கிறது மத்திய மோட்டார் வாகன விதி. குட்டியானையின் தளம் சுமார் 3 சதுர மீட்டர். ஆகவே ஒரு மாடுதான். இரண்டைத் திணிப்பது வழக்கமாகிவிட்டது, அது தவறு. லாரியிலும் ஆறுக்கு மேல் ஏற்றக் கூடாது.

மேலே தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதைவிடப் பச்சை நிழல்வலை எவ்வளவோ மேல். தார்ப்பாய் வெயிலை மறைக்கும், கூடவே காற்றையும் அடைத்துவிடும். ஓடும் வண்டியில் காற்றாவது வரும்; டீக்கடை முன் நிறுத்தியதும் அதுவும் நின்றுவிடுகிறது. நிறுத்தியே ஆக வேண்டுமென்றால் மர நிழலில், பின்கதவின் மேற்பாதியைத் திறந்து வையுங்கள். நாக்கைத் தள்ளி எச்சில் ஒழுக மூச்சு வாங்கினால் உடனே இறக்கி, நிழலில் நிறுத்தி உடம்பெல்லாம் தண்ணீர் ஊற்றி விசிறிவிட வேண்டும். அடைத்த வண்டிக்குள் ஊற்றினால் புழுக்கம்தான் கூடும்.

கட்டுவதும் முக்கியம். தலைக்கயிற்றில் கட்டுங்கள். மூக்கணாங்கயிற்றை வண்டிக் கம்பியில் பிணைத்தால் ஒரு பிரேக்கில் மூக்கு கிழிந்துவிடும்.