பாக் நீரிணை சுவர் வரைபடம்: கடல் சரி, பெயர்கள் பாதிதான் சரி

மண்டபத்தில் மாலையில் டியூஷன் எடுக்கிறேன். வருகிற பிள்ளைகளில் பாதிக்கு மேல் படகுக்காரர் வீட்டுப் பிள்ளைகள். அவர்களுக்காக ஆன்லைனில் 480 ரூபாய் கொடுத்து இந்த வரைபடத்தை வாங்கினேன். மூன்றடிக்கு இரண்டடி, லேமினேட் செய்தது. சுருட்டி அனுப்பியதால் இரண்டு நாள் பாய்க்கு அடியில் வைத்துத்தான் நிமிர்த்த வேண்டியிருந்தது. வெளியிட்டவர் பெயர் இங்கே வேண்டாம். அடுத்த பதிப்பில் திருத்திக்கொண்டால் போதும்.

ஆழத்தை நிறத்தில் காட்டியிருக்கும் விதத்துக்கே காசு தகும். ராமேஸ்வரத்துக்கு வடக்கே எங்கே பார்த்தாலும் வெளிர் நீலம். 10 மீட்டர்கூட ஆழமில்லாத இடம் அவ்வளவு. தெற்கே மன்னார் வளைகுடாவில் போகப்போகக் கருநீலம். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டருக்கு மணல்திட்டுகள் மஞ்சள் புள்ளிகளாக வரிசை கட்டி நிற்கின்றன. சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு வருகிற பெரிய கப்பல் ஏன் இலங்கையைச் சுற்றி வருகிறது என்று மூன்று வருடமாக வாயால் சொல்லிப் பார்த்தேன், ஏறவில்லை. இதைப் பார்த்ததும் ஒரே மாலையில் ஏறிவிட்டது.

எழுத்தில்தான் வம்பு. 'பாக்கு நீரிணை' என்று கோடியக்கரையிலிருந்து ராமேஸ்வரம் வரை நீட்டிப் போட்டிருக்கிறார்கள். நீரிணை என்பது வடக்கே, கோடியக்கரைக்கும் யாழ்ப்பாணக் கரைக்கும் நடுவே இருக்கிற வாய் மட்டும்தான். அதற்குத் தெற்கே சேது வரை இருப்பது பாக் விரிகுடா. அப்புறம் அந்தக் 'கு'. "சார், அங்க பாக்கு மரம் இருக்கா?" என்று ஆறாம் வகுப்புப் பையன் கேட்டுவிட்டான். பாடப்புத்தகத்தில் படித்த காலத்தில் நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், அவனைச் சொல்லி என்ன!

கீழே ஓரத்தில் 'பெயர்க் காரணம்' என்று ஒரு கட்டம். ராபர்ட் பாக் பற்றிச் சரியாகவே இருக்கிறது. பாதிரியாராகக் கப்பல் ஏறி வந்து, 1760களில் சென்னைக் கோட்டையில் கவர்னராக உட்கார்ந்தவர். கடலுக்கு அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. ஆனால் யாழ்ப்பாணப் பக்கத்துப் பருத்தித்துறைக்கு 'பாயின்ட் பீட்ரோ' என்ற பெயர் பீட்ரோ என்ற போர்ச்சுகீசியத் தளபதியால் வந்ததாம்! அப்படி ஒரு ஆளே இல்லை. போர்ச்சுகீசியர் சொன்னது 'போன்டா தாஸ் பெட்ராஸ்', அதாவது பாறைமுனை. அது வாய்க்கு வாய் மாறிப் பீட்ரோ ஆயிற்று. நம் ஆட்களுக்கு அது பருத்தி வியாபாரம் நடந்த துறை. ஊர்காவற்றுறையின் 'கேய்ட்ஸ்' இன்னும் சுவையானது: யானைகளைக் கப்பலேற்றிய துறை என்பதால் போர்ச்சுகீசியர் 'யானைத் துறை' என்று பொருள்பட அழைத்தார்கள், யானை உதிர்ந்து துறைக்கான சொல் மட்டும் மிஞ்சியது. இதைப் போடாமல் விட்டுவிட்டார்களே என்று ஆதங்கம். நெடுந்தீவுக்கு டச்சுக்காரர் தங்கள் ஊரான டெல்ஃப்ட்டின் பெயரை வைத்ததை மட்டும் ஒரு வரியில் முடித்திருக்கிறார்கள்.

கச்சத்தீவும் 1974 இந்திய-இலங்கை ஒப்பந்த எல்லைக்கோடும் சிவப்பில் தெளிவாக இருக்கின்றன. அதைக் காட்டும்போது மட்டும் வகுப்பு அமைதியாகிவிடும்.

இவ்வளவு பெயர் போட்டவர்கள் இந்தக் கரையில் புழங்குகிற பெயரைப் போடவில்லை. எங்களுக்கு ராமேஸ்வரத்துக்கு வடக்கே இருப்பது பெண் கடல், தெற்கே அலையடிப்பது ஆண் கடல். படகில் போகிறவர்கள் வடகடல், தென்கடல் என்பார்கள். 'பாக்' என்று சொல்லி வலை ஏற்றுகிறவரை நான் பார்த்ததில்லை.

ஐந்துக்கு மூன்று நட்சத்திரம். பெயர்க் கட்டத்தில் பிழை என்று சொல்லித் திருப்பி அனுப்பத்தான் நினைத்தேன், பத்து நாள் அவகாசம் இருந்தது. ஒன்பதாம் நாள் வந்து பார்த்தால், வெளிர் நீலத்தின் நடுவே யாரோ அழியாத மார்க்கரால் கொட்டை எழுத்தில் 'வடகடல்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு படகும் போட்டிருந்தார்கள். யார் என்று கேட்டேன். ஒருவரும் வாய் திறக்கவில்லை. சரி, ஆணியை இன்னும் நன்றாக அடித்து மாட்டிவிட்டேன்.