ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ்: கதை எழுதி வைக்க நேரமில்லாத கேம் மாஸ்டருக்கு

சனிக்கிழமை இரவு நான்கு பேர் ரோல்பிளேயிங் கேம் விளையாட வருவார்கள். ஆளுக்கொரு கதாபாத்திரமாக ஒரு கற்பனைக் கதைக்குள் போய் ஆடுவார்கள். கதையைச் சொல்லி ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் நான்தான். வேலை முடிந்து வந்து கதை எழுதி வைக்க எனக்கு நேரம் கிடைப்பதில்லை. இரண்டு வருடமாகக் கைகொடுப்பது கேவின் நார்மனின் இந்த விதிப்புத்தகம்தான். 2019இல் வந்தது. இந்த வகை ஆட்டங்களில் பழையதான டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் 1981 விதிகளையே, புரட்டியதும் கண்ணில் படுகிற மாதிரி அடுக்கிக் கொடுத்திருக்கிறார்.

கதாபாத்திரங்கள் குகைக்குள் இருக்கும்போது, கதை நேரப்படி இருபது நிமிடத்துக்கு ஒருமுறை ஆறுமுகப் பகடையை உருட்ட வேண்டும். 1 விழுந்தால் யாரோ எதிரில் வருகிறார்கள். யார் என்பதைப் புத்தகத்தில் இருக்கும் டேபிள், அதாவது பட்டியல், சொல்லும். முதல் தளத்துக்கு மட்டும் 20 வரிகள்.

போன வாரம் 1 விழுந்தது. டேபிளில் கோப்ளின்கள் என்கிற குட்டி அரக்கர்கள், எண்ணிக்கை ஐந்து. எங்களுக்கும் அவர்களுக்கும் இடையே 70 அடி தூரம். உடனே ஒருவர் வாளை உருவிவிட்டார். "சற்றுப் பொறுங்கள்" என்று இன்னும் இரண்டு பகடைகளை உருட்டினேன். அவர்களின் மனநிலை என்ன என்று பார்க்கும் உருட்டல் அது. கூட்டுத்தொகை 2 வந்தால்தான் பார்த்ததும் நிச்சயமாகப் பாய்வார்கள். 36இல் ஒரு வாய்ப்பு, அவ்வளவுதான். எனக்கு 11 விழுந்தது. சண்டையில் அக்கறை இல்லை, பேசலாம். அப்படியானால் இங்கே என்ன செய்கிறார்கள்? கால் உடைந்த ஒருவனைப் பழைய கதவில் கிடத்தித் தூக்கிப் போகிறார்கள் என்று அந்த நொடியில் தோன்றியதைச் சொன்னேன். மேசையில் சத்தமே இல்லை. வாளை உருவியவரே தன் கயிற்றை அறுத்துக் கட்டுப் போடக் கொடுத்தார். பதிலுக்கு அவர்கள் கீழ்த்தளத்துக்கு வழி காட்டினார்கள். அடுத்த இரண்டு மணி நேர ஆட்டம் அந்த வழியில்தான் போனது.

இந்த மனநிலை உருட்டலுக்காகவே புத்தகத்தை வாங்கலாம் என்பேன். இது இல்லாமல் டேபிளை மட்டும் வைத்து ஓட்டினால் சண்டைக்குப் பின் சண்டை, பத்து மணிக்கே எல்லோரும் களைத்துவிடுவார்கள்.

ஒரு குறை உண்டு. டேபிளில் பெயரும் எண்ணிக்கையும்தான் இருக்கும், அவர்கள் என்ன செய்துகொண்டிருக்கிறார்கள் என்று ஒரு சொல்கூட இருக்காது. புதிதாக ஆட்டம் நடத்துபவர் அங்கே திணறுவார். நான் ஓரத்தில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறேன்: தூங்குகிறார்கள், எதையோ தேடுகிறார்கள், பயந்து ஓடுகிறார்கள். அப்புறம் அதற்கும் ஒரு பகடை.

அடிப்படை விதிகளின் பிடிஎஃப் இலவசமாகவே கிடைக்கிறது. முதலில் அதை எடுத்து ஒரு சனிக்கிழமை ஓட்டிப் பாருங்கள்.