திரும்பத் திரும்பச் சொல்வதா, பேசிப் பழகுவதா?

ஆங்கில வகுப்பு தேடுகிறவர்களுக்கு இதே குழப்பம்தான். ஒரு வகுப்பில் ஆசிரியர் சொல்வதை எல்லோரும் கோரஸாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். இன்னொன்றில் முதல் நாளே பேச விடுவார்கள்.

முதல் முறை, இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவம் நடத்திய மொழிப் பயிற்சியின் வாரிசு. மொழி என்பது பழக்கத்தால் வருவது என்ற உளவியலாளர் ஸ்கின்னரின் கொள்கைதான் அதற்குப் பலம்; 1959-இல் அந்தக் கொள்கையை மொழியியலாளர் சாம்ஸ்கி விமர்சித்தபின் அதற்கு மவுசு குறைந்தது.

செலவு: உருப்போட ஆடியோ போதும். பேசிப் பழக எதிரே ஆள் வேண்டும்.

உச்சரிப்பு: 'ஐ கோ, ஹி கோஸ்' என்பதில் அந்த 'ஸ்' நாக்கில் உட்கார உருப்போடுவது கைகொடுக்கும்.

நினைவில் தங்குவது: ஒரே நாளில் ஐம்பது தடவை சொல்வதைவிட, ஐந்து நாள் பத்துப் பத்தாகச் சொல்வது மேல். இடைவெளியின் பலனை, நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹவுஸ் 1885-லேயே எழுதிவிட்டார்.

சமாளிப்பு: இங்கே உருப்போட்டவர் திணறுவார். 'ஹவ் ஆர் யூ'வுக்குப் பளிச்சென்று பதில் வரும். அடுத்த கேள்வி பாடத்தில் இல்லையென்றால் முழிப்பார். (நானும் முழித்திருக்கிறேன்.)

சரி, எது யாருக்கு? புதிதாகத் தொடங்குகிறவருக்கு முதல் இரண்டு மாதம் உருப்போடும் வகுப்பு. இலக்கணம் தெரிந்தும் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவருக்குப் பேச்சு வகுப்பு.