குத்துமதிப்புக் கணக்குகள் எவ்வளவு தூரம் கைகொடுக்கும்? வீடு சீரமைப்பிலும் வாடகையிலும் ஒரு நீண்டகால அனுபவம்

பழைய வீட்டை வாங்கிச் சீரமைத்து விற்பவர்களிடமும், ஒன்றிரண்டு வீடுகளை வாடகைக்கு விட்டு வருமானம் பார்ப்பவர்களிடமும் மூன்று குத்துமதிப்புக் கணக்குகள் வாய்ப்பாடாகவே புழங்குகின்றன. அவை 70 சதவீத விதி, 1 சதவீத விதி, 50 சதவீத விதி. இந்தத் தொழிலில் காலடி வைக்கும் எவருக்கும் முதலில் கற்றுத் தரப்படுபவை இவைதான்; எனக்கும் அப்படித்தான். பல ஆண்டுகளாக இவற்றைக் கையில் வைத்துக்கொண்டு வீடு பார்த்ததில் எனக்கு ஏற்பட்ட கருத்து இது: மூன்றுமே வேண்டாத வீட்டை விரைவாகத் தள்ளிவிட உதவுகின்றன, ஒரு வீட்டை வாங்கலாம் என்று முடிவெடுக்க எதுவுமே போதாது. வட்டி விகிதமும் காலமும் இந்தக் கணக்குகளில் வெளிப்படையாக எங்கும் இடம்பெறாததே அதற்குக் காரணம்.

முதலில் 70 சதவீத விதி. சீரமைத்த பின் வீடு என்ன விலைக்குப் போகும் என்று கணித்து, அதில் 70 சதவீதத்தை எடுத்து, அதிலிருந்து சீரமைப்புச் செலவைக் கழித்தால் வருவதே வாங்குவதற்கான உச்ச விலை. விற்பனை விலை 100 என்றும் சீரமைப்புச் செலவு 20 என்றும் கொண்டால், 50-க்கு மேல் கொடுக்கக் கூடாது. மீதமுள்ள 30-ஐ அப்படியே லாபம் என்று எண்ணுவது புதியவர்களிடம் பரவலாகக் காணப்படும் நினைப்பு. உண்மையில் வாங்கும்போது ஆகும் பதிவுக் கட்டணமும் வழக்கறிஞர் கட்டணமும், விற்கும்போது ஆகும் தரகும், கைவசம் இருக்கும் மாதங்களுக்கான வட்டி, சொத்து வரி, காப்பீடு, மின் கட்டணம் ஆகியவையும் அந்த 30-இல்தான் அடங்க வேண்டும். அதெல்லாம் போக எஞ்சுவது பாதி அளவே இருந்தாலும் நல்ல வியாபாரம் என்றுதான் சொல்வேன்.

காலம் இதை எப்படி அரிக்கிறது என்பதைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் உறைக்கும். வாங்கிய விலை 50, சீரமைப்பு 20 ஆகச் செலவான 70-ஐயும் ஆண்டுக்கு 12 சதவீத வட்டியில் கடனாக வாங்கியிருந்தால், மாதத்துக்கு 0.7 வட்டி. ஆறு மாதத்தில் விற்றால் 4.2, குளியலறை டைல்ஸ் வரத் தாமதம், அனுமதி கிடைக்கத் தாமதம், வாங்க வந்தவருக்கு வங்கிக் கடன் கிடைக்கத் தாமதம் என்று இழுத்து ஓராண்டாகிவிட்டால் 8.4. வீட்டில் எந்தக் குறையும் இல்லாமல், விலையும் குறையாமல், லாபத்திலிருந்து இன்னொரு 4.2 காணாமல் போயிருக்கும். ஆகவே சீரமைப்புச் செலவு மதிப்பீட்டுக்குக் கொடுக்கும் அதே கவனத்தை வேலை நாட்களின் மதிப்பீட்டுக்கும் கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். மலிவான ஒப்பந்ததாரரைவிட, சொன்ன தேதியில் ஆட்களை அனுப்பும் ஒப்பந்ததாரர் பெரும்பாலும் லாபகரமானவர்.

இந்த விதியின் இன்னொரு பலவீனம், அது முழுவதும் எதிர்கால விற்பனை விலை என்ற ஓர் ஊகத்தின் மீது நிற்பது. அக்கம்பக்கத்தில் அதே அளவும் அதே வயதும் உள்ள வீடுகள் அண்மைய மாதங்களில் உண்மையில் என்ன விலைக்கு விற்றன என்பதைத்தான் ஆதாரமாகக் கொள்ள வேண்டும். விளம்பரத்தில் கேட்கப்படும் விலை விற்பவரின் ஆசையை மட்டுமே காட்டும். அமெரிக்காவில் வீடு விற்பனை இணையதளம் நடத்தும் ஜில்லோ நிறுவனம் 2018-இல் தொடங்கிய வீடு வாங்கி விற்கும் பிரிவை மூடப்போவதாக 2021 நவம்பரில் அறிவித்தது. அந்த ஆண்டின் மூன்றாம் காலாண்டில் மட்டும் கைவசம் இருந்த வீடுகளின் மதிப்பை 30 கோடி டாலருக்கும் மேல் குறைத்துக் காட்ட வேண்டியிருந்தது. ஊழியர்களில் ஏறத்தாழ 25 சதவீதத்தினர் வேலையிழந்தனர். எதிர்கால வீட்டு விலையைக் கணிப்பதிலுள்ள நிச்சயமின்மையையே அந்நிறுவனம் காரணமாகச் சொன்னது. அவ்வளவு தரவும் கணினி வல்லுநர்களும் உள்ள நிறுவனமே சில மாதங்களுக்குப் பிந்தைய விலையைச் சரியாகக் கணிக்க முடியாதபோது, தரகர் வாய்ச்சொல்லை நம்பி 100 என்று எழுதிக்கொள்வதில் பொருளில்லை. நான் கணித்த விலையிலிருந்து ஒரு 5 சதவீதத்தைக் கழித்துவிட்டுத்தான் விதியையே பொருத்திப் பார்க்கிறேன். போட்டி மிகுந்த இடங்களில் 70-ஐ வைத்துக்கொண்டு ஒரு வீடும் அமையாது என்பதும், பலர் 75, 80 வரை போகிறார்கள் என்பதும் உண்மைதான். அப்படிப் போகிறவர்கள் தங்கள் லாபத்தைத்தான் விட்டுக்கொடுக்கிறார்கள். செலவு எதுவும் அவர்களுக்காகக் குறைவதில்லை.

கழிக்க வேண்டிய சீரமைப்புச் செலவோ வீட்டுக்குள் நின்று பார்க்காமல் கிடைக்காது. சமையலறை அலமாரி, பெயிண்ட், தரை போன்றவற்றின் செலவை யாரும் ஓரளவு சொல்லிவிடலாம். கணக்கைக் கவிழ்ப்பது சுவருக்குள் இருக்கும் தண்ணீர். ஓர் அறையின் நான்கு சுவர்களில் ஒன்றின் அடிப்பகுதி மட்டும் புதிதாகப் பெயிண்ட் அடிக்கப்பட்டிருந்தால் அங்கேதான் நான் குனிவேன். விரல் முட்டியால் தட்டினால் பூச்சு பொள்ளென்று ஒலிக்கிறதா, சுவரின் அடியோர மரச்சட்டத்துக்குப் பின்னால் வெள்ளையாக உப்புப் பூத்திருக்கிறதா, ஓதம் தரையிலிருந்து மேலேறி ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள் நின்றுவிட்டதா, இல்லை மேலிருந்து கீழே வடிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மேலிருந்து வந்தால் கூரையோ மேல்தளக் குழாயோ காரணமாக இருக்கலாம். அதைப் பெரும்பாலும் ஓரிடத்தில் அடைத்துவிடலாம். கீழிருந்து ஏறினால் அது அடித்தளத்தின் குறையாக இருக்க வாய்ப்புண்டு. அதற்கான செலவு எளிதில் பிடிபடாது. இரண்டு ஊசிகள் கொண்ட ஈரமானியைப் பலரும் வாங்கி வைத்திருக்கிறார்கள். அது பொதுவாக மரத்துக்காக அளவு குறிக்கப்பட்ட கருவி. செங்கற்சுவரில் அது காட்டும் எண்ணை அப்படியே ஈரத்தின் அளவாகக் கொள்ளக் கூடாது, உப்பிருந்தால் எண் இன்னும் கூடுதலாகக் காட்டும். ஒரே சுவரின் காய்ந்த பகுதியையும் சந்தேகத்துக்குரிய பகுதியையும் ஒப்பிட மட்டுமே அதைப் பயன்படுத்துகிறேன். அந்த வேலைக்கு அது நல்ல கருவி.

இவ்வளவும் பார்த்த பிறகும் மதிப்பீட்டின் மேல் 15 முதல் 20 சதவீதம் வரை ஒதுக்கி வைப்பது நல்லது. ஒப்பந்ததாரருக்குப் பணத்தை நாள் கணக்கில் கொடுக்காமல் முடிந்த வேலையின் கணக்கில் கொடுப்பதும், சில்லறைக் குறைகள் எல்லாம் தீரும் வரை கடைசி 10 சதவீதத்தை நிறுத்தி வைப்பதும், சுவரைப் பூசி மூடும் முன் தண்ணீர்க் குழாய்களை அழுத்தம் கொடுத்துச் சோதிப்பதும் செலவே இல்லாத காப்புகள்.

வாடகைப் பக்கம் வந்தால், 1 சதவீத விதி மாத வாடகை வாங்கிய விலையில் ஒரு சதவீதமாவது இருக்க வேண்டும் என்கிறது. வீட்டு விலை உயர்ந்த பெருநகரங்களில் இந்த அளவை எட்டும் வீடு கண்ணில் படுவதே அரிது. அத்தகைய இடங்களில் வாடகைக்காக வாங்குவதாகச் சொல்பவர்கள் உண்மையில் விலையேற்றத்துக்காகவே வாங்குகிறார்கள் என்பதை இவ்விதி முகத்துக்கு நேரே சொல்லிவிடுகிறது. அந்த வெளிப்படைத்தன்மைக்காகவே எனக்கு இது பிடிக்கும். 50 சதவீத விதியின்படி, கடன் தவணை நீங்கலாக மற்ற எல்லாச் செலவுகளுக்கும் வாடகையில் பாதி போய்விடும். முதலிரண்டு ஆண்டுகளில் இது மிகையாகத் தோன்றும். கூரையும் தண்ணீர்ச் சூடாக்கியும் தங்கள் ஆயுளை முடித்துக்கொள்ளும் ஆண்டில் அப்படித் தோன்றாது.

இரண்டு விதிகளையும் சேர்த்துப் பார்த்தால்தான் வட்டி இல்லாத குறை புலப்படுகிறது. விலை 100, மாத வாடகை 1, ஆண்டுக்கு 12; பாதி செலவுக்குப் போக 6 மிச்சம். இதில் 75-ஐ 30 ஆண்டுக் கடனாக 4 சதவீதத்தில் எடுத்திருந்தால் ஆண்டுத் தவணை சுமார் 4.3, கைக்காசான 25-க்கு 1.7 கிடைக்கும், அதாவது ஏறத்தாழ 6.8 சதவீதம். அதே கடன் 7 சதவீதத்தில் என்றால் ஆண்டுத் தவணை சுமார் 5.99. மிச்சம் ஏதுமில்லை. வீடு அதேதான், வாடகையும் அதேதான், இரண்டு விதிகளும் இரண்டு தடவையும் சரி என்றே சொல்லும்.

வாங்கிச் சீரமைத்து, வாடகைக்கு விட்டு, உயர்ந்த மதிப்பின் மேல் மறுகடன் பெற்று, அந்தப் பணத்தில் அடுத்த வீட்டை வாங்கும் முறையையும் இதே கணக்கில் நிறுத்திப் பார்க்கலாம். மொத்தம் 75 செலவில் முடிந்த வீடு 100 மதிப்புப் பெற்று, கடன் கொடுப்பவர் அதில் 75 சதவீதம் தந்தால் போட்ட பணம் முழுதும் திரும்பிவிடும் என்பதைத்தான் எல்லோரும் பெருமையாகச் சொல்கிறார்கள். அந்த வீட்டின் மேல் இப்போது 75 கடன் நிற்கிறது, வட்டி 7 சதவீதமானால் வாடகையில் ஒன்றும் மிஞ்சாது என்பது அந்தப் பேச்சில் வருவதில்லை. இந்த வழிமுறை வட்டி குறைந்திருந்த காலத்தின் குழந்தை என்பது என் கணிப்பு. வட்டி உயர்ந்த காலத்தில் 60 சதவீதத்துக்கு மேல் மறுகடன் எடுப்பதில் எனக்கு உடன்பாடில்லை.

வாடகைக் கணக்கில் விதிகள் தனியாகக் காட்டாத இன்னொன்று, காலியாகக் கிடக்கும் மாதம். ஒரு மாதம் காலி என்றால் ஆண்டு வருமானத்தில் 8.3 சதவீதம் போயிற்று. நல்ல முறையில் குடியிருப்பவரிடம் 5 சதவீதம் கூட்டிக் கேட்டு, அவர் வெளியேறி, ஒரு மாதம் காலியிருந்து, புதியவர் அந்தக் கூடுதல் வாடகைக்கு வந்தால், இழந்த ஒரு மாதத்தை மீட்க 20 மாதங்கள் ஆகும். பெயிண்ட் செலவும் தரகும் அதற்கு வெளியே. வரியைப் பொறுத்தவரை, அடிக்கடி வாங்கி விற்பதன் லாபத்தைப் பல நாடுகள் வணிக வருமானமாகவே நடத்துகின்றன என்பதால், விற்ற பிறகு அல்ல, வாங்கும் முன்பே கணக்காளரைப் பார்த்துவிட வேண்டும்.

இப்போது விலை சொல்லும் முன் என் கணக்குத் தாளில் மூன்று விதிகளுக்கும் ஒரே ஒரு வரிசைதான். அதில் தேறாத வீட்டுக்கு அடுத்த வரிசை கிடையாது. தேறிய வீட்டுக்கு மட்டும் வட்டி 2 சதவீதம் கூடினால், விற்பனை ஆறு மாதம் தள்ளினால், ஆண்டில் இரண்டு மாதம் காலியிருந்தால் என்று மூன்று வரிசைகள் போடுகிறேன். மூன்றிலும் கைக்காசு கரையாத வீட்டுக்கே என் விலையைச் சொல்கிறேன்.